பசி மறந்த வார்டு

ஆஸ்பத்திரியில் சோறு போடுகிறவன் நல்ல பெயர் எடுத்ததாக எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனைப் பார்த்தால் நாலு பேராவது சிரிப்பார்கள். எங்களைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

பதினாலாம் வருஷத்தில் தொடங்கிய பெரிய சண்டை முடிந்த பிறகு வந்த வருஷங்களில் நான் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தேன். புண் கழுவிக் கட்டுவது, மருந்து கொடுப்பது, டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் புரியவைப்பது எல்லாம் டிரெஸ்ஸர் வேலைதான். என்னைப் பெரிபெரி வார்டில் போட்டிருந்தார்கள். அங்கே கட்டுவதற்குப் புண் கிடையாது. சாப்பிட வைப்பதுதான் வேலை.

பெரிபெரி என்றதும் நம் ஆட்கள், உடம்பு பெரிசு பெரிசாக ஆகிற வியாதி என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி சரி. சிலருக்குக் கால், வயிறு, முகம் எல்லாம் நீர் கோத்து வீங்கும். சிலருக்கு நேர்மாறாகச் சதை வற்றி, கால் மரத்து, குச்சியாகிவிடும். ஆனால் பெரும்பாலும் இரண்டுக்கும் முன்னால் பசி போய்விடும். மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசிதான் காரணம் என்றார் எங்கள் டாக்டர். அரைகுறைத் தமிழும் நல்ல மலாயும் பேசும் வெள்ளைக்காரர் அவர். தவிட்டோடு வைட்டமின் பி என்கிற ஒரு சத்தும் போய்விடுகிறது, அது இல்லாமல் சோறு உடம்பில் ஒட்டாது, பசியும் எடுக்காது என்று சொல்லுவார். புழுங்கல் அரிசி தின்கிற நம்மவர்கள் அந்த வார்டுக்குக் குறைவாகத்தான் வந்தார்கள். வந்தவர்களில் சிலரை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் முன்னால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இவர்களை நீங்களும் மறக்க மாட்டீர்கள்.

நிறுக்கும் மெஷின்

வார்டு வாசலில் ஒரு நிறுக்கும் மெஷின் இருந்தது. மற்ற வார்டுகளில் எடை ஏறினால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வார்டில் வீங்கி வந்தவருக்கு முதலில் எடை இறங்க வேண்டும். தவிட்டுத் தண்ணீரும் பச்சைப் பயறுக் கஞ்சியும் உள்ளே போனால், கோத்த நீர் சிறுநீராக இறங்கிவிடும். ஆள் பாதியாகிவிடுவான். அதற்குப் பிறகு பசி எடுத்து, சாப்பிட்டு, மெய்யான சதை வைக்கும்.

இதை ஒரு சீனத் தச்சரின் மனைவிக்கு விளங்க வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கணவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவர் யானை மாதிரி இருந்தார். மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது. ஆனாலும் அந்த அம்மாவுக்கு உள்ளூர ஒரு தைரியம், இவ்வளவு உடம்பு இருக்கிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று. அடுத்த வாரம் வந்து பார்த்தால், கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா கொண்டுவந்த தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். "தண்ணிதான் போயிருக்கு அக்கா, ஆள் பிழைச்சிட்டாரு" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் நம்பவில்லை. கணவரின் சட்டையைத் தூக்கி விலா எலும்பை எனக்குக் காட்டினார். டாக்டர் வந்தபோது அவரிடமே, கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயில், நேராகக் கேட்டுவிட்டார்:

"குண்டா உள்ளே விட்டேன், ஒல்லியா வெளியே தர்றீங்க. மிச்சம் எங்கே?"

ஸ்டூடியோ போட்டோ

காசிம், சூலியா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நின்றவர். நாகப்பட்டினத்துப் பக்கம். கல்யாணம் ஆகாதவர். தம்பி ஜமாலும் அதே கடையில்தான். கடைச் சாப்பாட்டில் நல்ல வெள்ளைச் சயாம் அரிசி போடுவார்கள். மீன் ஆணமும், அதாவது குழம்பும், இருக்கும். ஆனால் பல மாதமாகக் காசிமுக்கு மீன் வாடையே பிடிக்காமல் போயிற்று. சோற்றில் கொஞ்சம் ரசத்தை ஊற்றிப் பிசைந்து நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாராம். அப்படித் தின்றும் ஆள் தடித்துக்கொண்டே வந்தார். முகம் பளபளவென்று ஆயிற்று. வாடிக்கைக்காரர்கள் "என்ன பாய், பினாங்குத் தண்ணி ஒத்துக்கிச்சு போல" என்று கேலி செய்வார்களாம். அந்த நேரத்தில்தான் அண்ணனும் தம்பியும் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்த தாயார் பையன் நன்றாகத் தேறிவிட்டான் என்று பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடை மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் அவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்கு மேலே நான் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. காசிம் அதைப் பார்த்துவிட்டு, "இது சதை இல்லியா, டிரெஸ்ஸரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிலிருந்து தவிட்டுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தார். குணமாகிவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால் இந்த நோய் நெஞ்சைப் பிடித்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நாள் காலை, டம்ளரை வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே சரிந்துவிட்டார்.

ஜமால் வந்து அண்ணனுடைய துணிமணிகளை மடித்து மூட்டை கட்டினார். அழவில்லை. போகும்போது வாசல் வரை வந்துவிட்டு, திரும்பி என்னிடம் சொன்னார்:

"நானாவோட போட்டோவ உம்மா தெரு முழுக்கக் காட்டியிருக்காங்க. நல்லா இருந்த புள்ளைக்கு என்னடா ஆச்சுன்னு கேட்டா, நான் என்னன்னு எழுதுவேன்?"

மாட்டுத் தீனி

கப்பலிலிருந்து சரக்கு இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகில் வேலை செய்தவர் முனியாண்டி. மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய உடம்பு. கூட வேலை செய்தவர்கள் சீனர்கள். அவர்களோடு சேர்ந்து வெள்ளைச் சோறும் கருவாடும் தின்று பழகிவிட்டார். புழுங்கல் அரிசி தோட்டத்துக் கூலிக்காரன் சோறு, டவுனுக்கு வந்தும் அதைத் தின்பதா என்று அவருக்கு ஒரு வீம்பு வேறு. வார்டுக்கு வந்தபோது கால் தரையில் பாவுவதே அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், "சாப்பிடணும்னு தோணலை" என்று மட்டும் சொன்னார்.

தவிடு கரைத்த கிண்ணத்தைக் கொண்டுபோனதும் மோந்து பார்த்தார். "எங்க அப்பன் மாட்டுக்குப் போடுறதை நீ எனக்குப் போடுறியா?" என்று தட்டிவிட்டார். என் வேட்டியெல்லாம் தவிடு. மறுநாளும் தட்டிவிட்டார். அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் ஒருவர் செத்துப்போன அன்றைக்குத்தான், நான் கேட்காமலே கையை நீட்டி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அப்புறம் தினமும் குடித்தார். பச்சைப் பயறுக் கஞ்சியும் கொடுத்தோம். ஆனால் பசி மட்டும் வரவில்லை. மருந்து மாதிரித்தான் எல்லாவற்றையும் விழுங்கினார்.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். நான் பக்கத்து வார்டில் நின்றுகொண்டிருந்தேன். முனியாண்டி சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, வெட்கப்படுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"பசிக்குதுங்க. யாருகிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு."

தொந்திக்காரர்

தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பெனிகள் அப்போது பினாங்குக்கு அடிக்கடி வரும். அப்படி வந்த ஒரு கம்பெனியில் வேலாயுதம் என்று ஒரு கோமாளி வேஷக்காரர் இருந்தார். அவருக்குப் பாட்டு வராது, வசனமும் பெரிசாக இல்லை. தொந்திதான் அவருடைய சொத்து. அதை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாலே கொட்டகை சிரிக்கும். ஊர் ஊராகப் போனதில் ஒழுங்கான சாப்பாடு இல்லை. சாராயம் மட்டும் தவறாமல் கிடைத்தது. பசி குறைந்தது. பசி குறைந்ததால் இன்னும் குடித்தார். தொந்தி கரைய ஆரம்பித்தது. முதலில் துணியைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு நடித்தாராம். அப்புறம் காலும் சொன்னபடி கேட்கவில்லை. கம்பெனி சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது அவரை எங்கள் வார்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வற்றல் பெரிபெரியில் பாதம் தொங்கிப் போகும். தடுக்காமல் நடக்க வேண்டுமானால் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். பாதம் தரையில் 'பட் பட்' என்று விழும். நல்ல சாப்பாடு உள்ளே போய்க் கொஞ்சம் தேறியதும் வேலாயுதம் எழுந்து நடந்தார். கட்டிலில் இருந்தவர்களில் நம் ஆட்கள் சிலர் அவரை மேடையில் பார்த்தவர்கள். அவர் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் பழைய வேஷம் கட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். பல நாளாகச் சிரிப்பே இல்லாத வார்டு அது. நான் பதறிப்போய் அவர்களை அடக்கப் போனேன். வேலாயுதம் கட்டில் கம்பியைப் பிடித்து நின்று, என்னைத் தடுத்தார். அவர் முகத்தில் வேர்வை ஓடியது.

"நடிக்கலைன்னு சொல்லிடாதீங்க. அவங்களாவது சிரிச்சுட்டுப் போகட்டும்."

கழுவிய அரிசி

எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு சமையல்காரரைப் போட்டார்கள். சிதம்பரம் அண்ணன். அதற்கு முன்னால் ஒரு செட்டியார் வீட்டில் சமைத்தவர். சுத்தக்காரர். அரிசியைக் கழுவ ஆரம்பித்தால் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளியும் வரை விடமாட்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே புழுங்கல் அரிசிதான், அதையும் ஒரு தரம் அலசினால் போதும், கஞ்சியைக் கொட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். சிதம்பரம் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் போன பிறகு, "நான் என்ன அழுக்குப் பிடிச்சவனா? கழுவாம எப்படிச் சோறாக்குறது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு விவரமாகச் சொன்னேன். தீட்டும்போது போனது போக மிச்சம் இருக்கிற கொஞ்சச் சத்தும் கழுவும் தண்ணீரில் போய்விடும் என்றும், அது இல்லாவிட்டால் முதலில் பசி போகும், அப்புறம் கால் வீங்கும், அப்புறம் மூச்சு முட்டும் என்றும் சொன்னேன். பாதியில் அவர் கிளறுவதை நிறுத்திவிட்டார். நான் சொல்லி முடித்ததும், கால் வீங்குவதைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். முகமும் வீங்குமா என்று கேட்டார். வீங்கும் என்றேன்.

அவர் மனைவி பல வருஷங்களுக்கு முன்னால் இறந்துவிட்டதாக மட்டும் எனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்று அன்றைக்குத்தான் சொன்னார். சாப்பாடு செல்லவில்லை என்று அந்த அம்மா படுத்தபோது, இவரே வேலைக்குப் போகுமுன் வீட்டில் பொங்கி வைப்பாராம். நோயாளிக்கு ஆகும் என்று நல்ல வெள்ளை அரிசியாக வாங்கி, வழக்கத்தை விடக் கூடுதலாகக் கழுவி, குழைய வடித்து ஊட்டினாராம். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? நம்மள்ல யாருக்குமே அப்பத் தெரியாதே அண்ணே" என்றேன். அவர் ஊறவைத்திருந்த அரிசித் தண்ணீரில் கையை விட்டு, கலங்கி வந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு வேண்டியதை நானே கழுவிக் கழுவி ஊத்தியிருக்கேன், தம்பி."

சத்தம் போடாத பிள்ளை

டவுனுக்கு வெளியே ஆயர் ஈத்தாமிலிருந்து வந்தவர் செல்லம்மா. கணவன் டவுனில் ஓர் ஆபீசில் பியூன். செல்லம்மா மடியில் ஒரு கைக்குழந்தை, மூன்று மாதம் இருக்கும். பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. "பால் குடிக்க மாட்டேங்குது. மத்தபடி தங்கமான பிள்ளை, அழவே அழாது" என்றார். டாக்டர் குழந்தையின் உள்ளங்காலை மெதுவாகச் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்து வாயை அகலத் திறந்தது. கண்ணீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. காற்று போகிற மாதிரி ஒரு சின்ன ஒலி, அவ்வளவுதான். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நோய் குழந்தையின் தொண்டையையும் பிடிக்கும்.

செல்லம்மாவுக்கு முன்னமே இரண்டு பிள்ளைகள் இதே வயதில் போயிருந்தன. இரண்டும் கொழுகொழுவென்று இருந்தவை, இரண்டும் அழாதவை. தோஷம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் அக்கம்பக்கத்து மருத்துவச்சி சொன்னபடி பத்தியம் இருந்திருக்கிறார். வெள்ளைச் சோறு, மிளகு, சுட்ட கருவாடு. காய், பயறு, முட்டை எதுவும் கூடாது. பசியும் இல்லாததால் அது பெரிய கஷ்டமாகவும் தோன்றவில்லை. டாக்டர் குழந்தைக்கு மருந்து கொடுத்தார். தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக நான் வாயில் விட்டேன். ஆனால் ரொம்பப் பிந்தி வந்திருந்தார்கள். அன்று சாயங்காலமே குழந்தை நீலம் பாரித்துப் போய்விட்டது. மறுநாள், பாலில் ஒரு சத்து இல்லாமல் போனதுதான் காரணம், அம்மா சரியாகச் சாப்பிட்டால் பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே செல்லம்மா புரிந்துகொண்டார். "என் பாலா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "பால் இல்லம்மா, அந்தப் பத்தியம்" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவரை இனிமேல் பார்க்க மாட்டோம் என்று நினைத்தேன். மறுபடி உண்டானபோது அவராகவே வந்தார். கூப்பிட்ட நாளெல்லாம் ஆயர் ஈத்தாமிலிருந்து வந்து, தவிடும் பயறும் முட்டையும் என்ன கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே சாப்பிட்டார். பிரசவத்துக்குப் பிறகு அந்த மருத்துவச்சியை வீட்டுப் பக்கமே விடவில்லையாம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தினதைப் போலக் கொழுகொழுவென்று இல்லை, மெலிவாகத்தான் இருந்தது. மெஷின் தட்டில் வைத்ததும் தட்டின் குளிர்ச்சி தாங்காமல் வீரிட்டு அழ ஆரம்பித்தது. அப்படி ஒரு தொண்டை. படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிதம்பரம் அண்ணன் கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றார். நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நான் குழந்தையை அவசரமாகத் தூக்கி முதுகில் தட்டினேன். செல்லம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

"தட்டாதீங்க அண்ணே. அழட்டும். இன்னும் கொஞ்சம் அழட்டும்."

இத்தனை வருஷம் அந்த வார்டில் இருந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஒருவருக்குப் பசி எடுக்காதா என்று ஊரே வேண்டிக்கொள்ளும் இடத்தில், சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் வயிறு கிள்ளுவது எப்போதும் டிரெஸ்ஸருக்குத்தான்.